செவ்வரத்தை வாங்க ஒரு கடை: பத்தரமுல்லைப் பக்கம்

கொழும்பில் பூக்கன்று விற்கிற இடங்களுக்குக் குறைவில்லை. தியத்த உயனவில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. வீதியோரங்களிலும் ஆங்காங்கே கன்றுகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். செவ்வரத்தை இல்லாத கடையே கிடையாது. ஆனால் எனக்கு வேண்டியது கொஞ்சம் வேறு. வாங்கி வந்த கன்று வெள்ளவத்தை மாடி வீட்டுப் பல்கனியில் தென்மேற்குப் பருவக்காற்றைத் தாங்கி நிற்க வேண்டும். காலையில் சாமிப் படத்துக்கு வைக்க நாள் தவறாமல் பூக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் நான் மனதாரச் சிபாரிசு செய்யும் கடை ஒன்றுதான். அது பத்தரமுல்லையில் இருந்து பெலவத்தை தாண்டித் தலவத்துகொடைப் பக்கம் போகிற பன்னிப்பிட்டிய வீதியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மதிலுக்கு வெளியே வரிசையாக மண்சாடிகள் அடுக்கியிருக்கும், அதுதான் அடையாளம்.

வாசலில் பச்சை வலைப் பந்தல் போட்டிருக்கிறார்கள். அதற்குள் அந்தூரியம், ஓர்க்கிட், பன்னம் எல்லாம் நிழலில் குளிர்ச்சியாக இருக்கும். செவ்வரத்தையை அங்கே தேடவேண்டாம், நேரே பின்பக்கம் போங்கள். திறந்த வெளியில், தலைக்கு மேல் ஒன்றும் இல்லாத இடத்தில், கறுப்புப் பொலித்தீன் பைகளில் வரிசையாக வெயிலில் நிற்கின்றன. இந்தக் கடையை நான் நம்பத் தொடங்கியது அதைப் பார்த்த பிறகுதான்.

காரணம் இதுதான். செவ்வரத்தை வெயிலுக்குப் பிறந்த மரம். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் கிடைத்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். பல இடங்களில் அதை நிழல்வலைக்குள் வைத்து வளர்க்கிறார்கள். நிழலில் இலை பெரிதாகவும் மெல்லிதாகவும் பளபளப்பாகவும் வரும், வாங்குகிறவர் கண்ணுக்கு நன்றாக இருக்கும். அப்படி வளர்ந்த கன்றைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தால் அந்த மெல்லிய இலைகளால் தாங்க முடியாது. மஞ்சளாகிக் கொட்டிவிடும். கன்று செத்துப்போகாது, புதிய இலை விடும். ஆனால் அதற்கிடையில் மொட்டுகள் எல்லாம் போய்விடும்.

முன்பு வேறோர் இடத்தில் செம்மஞ்சள் நிறக் கலப்பினம் ஒன்று வாங்கியிருந்தேன். பூ ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிது. கடையில் நிறைய மொட்டோடு நின்றது. வீட்டுக்கு வந்ததும் ஒரு மொட்டுக்கூட விரியவில்லை, எல்லாம் காம்போடு விழுந்தன. சாடி மாற்றுவதற்காக வெளியே எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வேரைச் சுற்றி வெறும் தும்புத்தூள், பேருக்குக்கூட மண் இல்லை. தும்புத்தூள் கெட்ட பொருள் இல்லை, கலவையில் சேர்க்கலாம். அது மட்டுமே இருந்தால் மேலே காய்ந்து கிடக்கும், நடுவில் ஈரம் தேங்கி நிற்கும். சத்தும் அதில் மிகக் குறைவு. விற்கிறவர் தினமும் பசளைத் தண்ணீர் ஊற்றி நிமிர்த்தி வைத்திருப்பார். வாங்குகிறவர் வீட்டில் அந்தக் கவனிப்பு நின்றுவிடுகிறது. விற்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதனால் பத்தரமுல்லைக் கடையில் முதலில் நான் கேட்டது வேரைத்தான். கடையின் சொந்தக்காரர் ஒரு சிங்கள அம்மா. அவருக்கு உதவியாக ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலை செய்கிறார். “வேரை ஒருக்காப் பாக்கலாமோ தம்பி?” என்று கேட்டேன். பல கடைகளில் இந்தக் கேள்விக்கு முகம் மாறும். இவர் ஒன்றும் சொல்லாமல் பையைச் சரித்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி, மண்கட்டியை உடையாமல் வெளியே எடுத்து என் முன்னால் பிடித்தார்.

“பாருங்கம்மா, வெள்ள வேரு. இப்பத்தான் பையத் தொட்டிருக்கு, இன்னும் சுத்தல. இத எடுங்க. அந்தப் பெரிசு வேணாம், உள்ளுக்குள்ள சுத்திருச்சு.”

அவர் வேண்டாம் என்று சொன்ன கன்றின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பையின் சுவரோடு வேர் சுற்றிப்போன கன்று பெரிய சாடிக்குப் போனாலும் பழைய வட்டத்திலேயே நிற்கும், வெளியே பரவ மறுக்கும். அதைச் சொல்லி விலை குறைந்ததைக் கையில் தந்த விற்பனைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி: “வீடு எங்கம்மா?” வெள்ளவத்தை, நாலாம் மாடி, பல்கனி கடல்பக்கம் என்றேன். உடனே கலப்பினங்கள் இருந்த வரிசையை விட்டுவிட்டு, சாதாரண ஐந்திதழ்ச் சிவப்பு இருந்த வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய பூக் கலப்பினங்கள் காற்றடிக்கும் இடத்துக்கு ஒத்துவராது, பூவின் பாரத்தில் கொப்பு வளையும், உப்புக்காற்றில் இதழ் ஓரம் கருகும் என்று சொன்னார். ஊரில் வேலியோரம் நிற்கும் பழைய சிவப்புத்தான் கடற்காற்றுக்கு ஓரளவு தாங்கும். என் அனுபவமும் அதுதான். மே மாதம் காற்றுத் தொடங்கினால் செப்டெம்பர் வரை பல்கனிக் கண்ணாடியில் உப்புப் படியும். அந்த மாதங்களில் மாலை வேளையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறேன். ஓர இலைகள் சில கருகும், மரம் சோர்வதில்லை.

சிவப்பு ஐந்திதழ்க் கன்று 350 ரூபாய்க்குக் கிடைத்தது. அடுக்குச் செவ்வரத்தையும் அதே விலைதான். இதழ் கிழிந்து தொங்குகிற ஆபிரிக்க இனமும் வைத்திருக்கிறார்கள். காதில் போடும் சிமிக்கி மாதிரியே ஆடும். நிலத்தில் நட இடம் உள்ளவர்கள் அதை வாங்கலாம். சாடிக்கு அது ஏற்றதில்லை, கொப்பு நீண்டு கவிழ்ந்துவிடும்.

கன்று தெரிவு செய்யும்போது இன்னொன்றைக் கவனித்தேன். இந்தக் கடைக் கன்றுகளில் பூ குறைவு, கொப்பு அதிகம். சொந்தக்கார அம்மா கன்று சிறிதாக இருக்கும்போதே நுனியைக் கிள்ளிவிடுகிறார். கிள்ளிய இடத்துக்குக் கீழிருந்து இரண்டு மூன்று கிளை வரும், அவற்றையும் கிள்ளுகிறார். அதனால் விற்பனைக்கு வரும்போது அடியிலிருந்தே ஐந்தாறு கொப்புகளோடு குட்டையாக நிற்கும். செவ்வரத்தையில் பூ வருவது புதிதாக வளரும் தளிர்களில், இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கணுவில். தளிர் நுனி எத்தனையோ அத்தனை பூ. ஒரு பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நாள்தான், காலையில் விரிந்து மாலையில் சுருண்டுவிடும். அதனால் கடையில் இன்றைக்கு எத்தனை பூ இருக்கிறது என்று பார்த்து வாங்குவதில் பொருள் இல்லை. நுனிகளை எண்ணுங்கள். ஒற்றைத் தண்டாக உயர்ந்து உச்சியில் மட்டும் பூவோடு நிற்கும் கன்றை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

மண் கலவையும் அங்கேயே வாங்கினேன். செம்மண், கூட்டெரு, ஆட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள், அடியில் பரப்ப உடைந்த ஓட்டுத்துண்டு. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபோது, இந்த அம்மா தன் தோட்டத்துக் குப்பையிலிருந்து கூட்டெரு செய்யத் தொடங்கினாராம். தடை அந்த ஆண்டு முடிவதற்குள் நீக்கப்பட்டுவிட்டது, அவர் கூட்டெருவை விடவில்லை. பையைப் பிரித்தால் மழை பெய்த தரையின் வாசம்தான் வரும். அழுகல் நாற்றம் கொஞ்சமும் இல்லை. நன்றாக மக்கிய எருவுக்கு அதுவே சாட்சி. எலும்புத்தூள் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். ரோசாவுக்கு என்றால் தருகிறேன், செவ்வரத்தைக்கு வேண்டாம் என்று சொன்னார் அம்மா. சரியான பதில். செவ்வரத்தைக்குப் பொஸ்பரஸ் அதிகமானால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இலை வெளிறும். அதற்குத் தேவை பொட்டாசியம் கூடின பசளை. பூப்பதற்கு என்று எழுதி விற்கும் பசளைப் பொதிகளில் பலவற்றில் பொஸ்பரஸ்தான் தூக்கலாக இருக்கிறது, எண்களைப் பார்த்து வாங்குங்கள். நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் என்ற வரிசையில் போட்டிருக்கும் மூன்று எண்களில் நடு எண் சிறிதாக இருக்கவேண்டும்.

சாடி விஷயத்தில் மண்சாடியையே தந்தார்கள். நாலாம் மாடிக் காற்றில் பிளாஸ்டிக் சாடி உருளும். மண்சாடி சீக்கிரம் காயும் என்பது உண்மை, ஆனால் அதன் சுவர் வழியாகக் காற்றுப் போய்வருவது வேருக்கு நல்லது. தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று கேட்டதற்கு அந்தத் தம்பி விரலை மடக்கிச் சாடியின் வயிற்றில் தட்டிக் காட்டினார். ஈரமாக இருந்த சாடி ‘டொக்’ என்று அடங்கிப்போனது. பக்கத்தில் காய்ந்திருந்த சாடி ‘டங்’ என்று கணீரென ஒலித்தது. “அடிப் பாதியில தட்டுங்க, மேல தட்டினா பொய் சொல்லும்” என்றார். மேல்மண் எப்போதும் முதலில் காய்ந்துவிடுவதால் அப்படி. இப்போது காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பல்கனிக்குப் போனால் முதல் வேலை சாடிகளைத் தட்டிப்பார்ப்பதுதான். வெயில் காயும் ஜனவரி, பெப்ரவரியில் தினமும் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாலை மழைக்காலத்தில் நாட்கணக்கில் வாளியைத் தொடுவதில்லை. கிழமைக் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றினால் கொழும்பு மழைக்கு அது சரிவராது.

சாடியின் கீழே வைக்கும் தட்டு கேட்டபோது, அம்மா விற்கவில்லை. “டெங்கு, மிஸ்” என்று சிங்களத்தில் சொல்லி, இரண்டு செங்கல் துண்டுகளைச் சும்மா தந்தார். அதன்மேல் சாடியை ஏற்றி வைத்தால் தண்ணீர் வழிந்தோடும், வேர் அழுகாது, நுளம்பும் முட்டையிடாது. எங்கள் தொடர்மாடிக்குப் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதலில் பார்ப்பதே பூச்சாடித் தட்டுகளை. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். தட்டு வைத்தே ஆகவேண்டிய வீட்டுக்காரர்கள் கிழமைக்கு ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனிப் பூச்சி. செவ்வரத்தை வளர்க்கிற எல்லாருக்கும் மாவுப்பூச்சி வரும். கொழும்புக்காரர்களுக்கு 2008 ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டுதான் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கைக்குள் வந்தது. பப்பாசி, அரலியா, செவ்வரத்தை எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகிப்போயின. அடுத்த ஆண்டு விவசாயத் திணைக்களம் வெளிநாட்டிலிருந்து மிகச் சிறிய குளவி இனம் ஒன்றைத் தருவித்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. மருந்தடித்து அடங்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்லுவேன். என் மரத்திலும் இளந்தளிர் மடிப்புக்குள் வெள்ளைப் பஞ்சாக வந்தது. தளிர் முறுக்கிக்கொண்டு விரிய மறுத்தது. ஒரு கொப்பைப் பையில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். (கட்டாமல் கொண்டு போகாதீர்கள், பாவம், அவர்களுடைய கன்றுகளுக்கும் தொற்றும்.)

அந்தத் தம்பி கேட்டது பூச்சியைப் பற்றி இல்லை. “எறும்பு ஏறுதாம்மா?” என்றார். ஏறியது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், ஒரு கொப்பிலிருந்து இன்னொரு கொப்புக்குக் காவிக்கொண்டும் போகும். எறும்பை நிறுத்தாமல் பூச்சியை நிறுத்த முடியாது. சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கொப்புகளை வெட்டி, செங்கற்களைச் சுற்றி எறும்பு ஏறும் வழியை அடைக்கச் சொன்னார். முறுக்கிய நுனிகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியவும், மீதியைப் பழைய பல்துலக்கியால் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும் சொன்னார். பிறகு வேப்பெண்ணெய்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, கரைவதற்குச் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். ஒருமுறையோடு விடக்கூடாது, கிழமைக்கு ஒன்றாக நாலைந்து கிழமை தொடர வேண்டும். மரம் தெளிந்துவிட்டது. விலை கூடின பூச்சிமருந்துப் போத்தல் அவர்களுடைய தட்டிலேயே இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் நான் வாங்கியிருப்பேன். அவர்கள் நீட்டவில்லை.

மருந்து பற்றி இன்னொரு விஷயமும் அவர்களிடம் எனக்குப் பிடித்தது. நான் செவ்வரத்தை இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்து முழுகுகிற ஆள். கன்றுக்கு ஏதும் அடித்திருக்கிறீர்களா என்று வாங்கும்போதே கேட்டேன். அடித்தோம், இப்போதிருக்கும் இலையை எடுக்காதீர்கள், இரண்டு மூன்று மாதம் போய்ப் புதுத்தளிர் வந்த பிறகு எடுங்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். கடையில் வாங்கும் எந்தக் கன்றுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பூவைச் சிறுபிள்ளைகள் பிய்த்து வாயில் வைக்கிற வீடுகளில் கட்டாயம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து சாடி மண் மாற்றிக் கொடுக்கும் சேவையும் இருக்கிறது. போயா நாட்களில் அந்தத் தம்பி வருவார். எனக்கு இரண்டு சாடிக்கு மண்ணோடு சேர்த்து 2500 ரூபாய் எடுத்தார்கள். ஓட்டோக் கூலி தனி. வேலை சுத்தம். பல்கனியில் பழைய பத்திரிகை விரித்து, மரத்தைச் சரித்து எடுத்து, வெளிச்சுற்று வேரை ஒரு விரல் தடிப்புக்குக் கத்தியால் சீவி, அதே சாடியில் புது மண்ணோடு இருத்தினார். வேரைக் குறைத்தால் மேலேயும் குறைக்கவேண்டும் என்று கொப்புகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினார். வெட்டு ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் பார்க்கிற கணுவுக்குச் சற்று மேலே, சரிவாக. அப்போதுதான் புதுக்கிளை உள்ளே குமையாமல் வெளியே பரவும், நடுவில் வெயிலும் காற்றும் போகும். வெட்டிய கொப்புகளில் பென்சில் தடிப்பானவற்றைப் பொறுக்கி, கீழ் இலைகளை உருவி, ஈரமணலில் குத்தி வைத்துவிட்டுப் போனார். அவற்றில் வேர் பிடித்தவை இப்போது எங்கள் தொடர்மாடியில் மூன்று வீடுகளில் நிற்கின்றன.

வெட்டும் காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், சாமிக்குப் பூ எடுப்பவர்களுக்கு இது பயன்படும். வெட்டிய பிறகு மறுபடி நன்றாகப் பூக்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும். திருவெம்பாவைக்குப் பூ வேண்டுமென்றால் புரட்டாதி முடிவதற்குள் வெட்டிவிட வேண்டும். கடற்காற்றும் அப்போது ஓய்ந்துவிடும், ஐப்பசி மழையில் தளிர் சரசரவென்று வரும். போன மார்கழியில் விடிய எழும்பிப் பல்கனிக் கதவைத் திறந்தால் மொட்டுகள் பாதி அவிழ்ந்து நிற்கும். வீட்டுக்கு எடுத்தது போக, வெள்ளிக்கிழமைகளில் மயூரபதி அம்மனுக்கும் ஒரு தட்டு கொண்டுபோக முடிந்தது. வாங்கிய சிவப்புப் பூவைக் கொண்டு போவதற்கும் நம் கையால் வளர்த்ததைக் கொண்டு போவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கீழ்க்கொப்பில் ஒன்றிரண்டை எப்போதும் பறிக்காமல் விடுவேன், தேன்சிட்டு வரும்.

குறைகளும் உண்டு. எந்தக் கன்றிலும் விலையோ நிறமோ எழுதி வைக்கவில்லை. பூவில்லாத செவ்வரத்தையில் இலையைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது, அவர்கள் வாய்ச்சொல்லைத்தான் நம்பவேண்டும். எனக்குத் தந்தது சரியாகவே இருந்தது, என் தங்கைக்குச் சிவப்பு என்று தந்தது ரோஸ் நிறத்தில் பூத்தது. திருப்பிக் கொண்டுபோனபோது மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள், ஆனாலும் அந்த அலைச்சல் வேண்டாத ஒன்று. ஒரு துண்டு தடியில் நிறத்தை எழுதிக் குத்தி வைத்தால் போதுமே. கார்ட் எடுக்கமாட்டார்கள், காசு கொண்டுபோக வேண்டும். வாகனம் நிறுத்த இடம் மிக ஒடுக்கம். ஹட்டன் தம்பி தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊருக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் சிங்களம் தெரியாதவர்கள் விளக்கம் கேட்பது கடினம். அப்படியான நேரத்தில் பூச்சி, நோய் பற்றிக் கேட்க விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது.

வெள்ளவத்தையில் இருந்து போகிறவர்கள் கிருலப்பனை, நாவலப் பக்கமாக ஓட்டோவில் போகலாம். பஸ் என்றால் கொள்ளுப்பிட்டியில் 177 எடுத்துப் பத்தரமுல்லையில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். கன்றோடு திரும்பி வருவதற்கு அது வசதிப்படாது. காலையில் வெயில் ஏறமுன் போங்கள். ஞாயிறு பின்னேரம் சனம் கூடிவிடும், வேரை எடுத்துக் காட்ட அவர்களுக்கு நேரம் இருக்காது. மஞ்சள் ஐந்திதழ் வேண்டுமென்றால் முதலே சொல்லி வையுங்கள், வந்த கிழமையே முடிந்துவிடுகிறது.